தோள் கிடங்கு எங்கே?

“வீட்டுக்குள்ள இருக்கிறவங்க யாரும் சொல்லாம, வாசல்ல வந்து நின்னவனுக்கு வழி எப்படித் தெரியும்?”

காப்பாளர் இந்தக் கேள்வியைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் எழுப்பினார். கணவன்மார்களின் அடிக்குத் தப்பி வந்த பெண்கள் தங்கும் காப்பகம் அது. அதன் அலுவலகம் நகரின் மறுகோடியில் பெயர்ப்பலகையோடு எல்லாரும் அறிய இருந்தது. பெண்கள் வாழும் வீடு மட்டும் இரகசியம். அந்த இரகசியத்தின் பச்சைக் கதவை நேற்றுக் காலை ஒருவன் காலால் உதைத்தான். காவலர்கள் வந்து இழுத்துப் போனார்கள். எச்சரித்து அனுப்பிவிடப் போவதாக இன்று தகவல் வந்துவிட்டது. ஆகவே மாலையில் வண்டி வரும். அவன் திரும்பி வருமுன் எல்லாரும் வேறு வீட்டுக்குப் போயாக வேண்டும்.

‘எல்லாரும்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருந்தது. உதைத்தவனின் மனைவி மடியில் கைக்குழந்தையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகவரியை வெளியே சொன்னவர் வெளியேற வேண்டும் என்பது அந்த வீட்டின் மாற்ற முடியாத விதி.

“எங்க அம்மாகிட்டகூட நான் சொல்லல, பெரியக்கா.”

“ஆனா அம்மாவுக்குப் போன் பண்ணினே.”

“பண்ணினேன். குழந்தைக்குப் பல்லு முளைச்சிருக்குன்னு சொன்னேன். எங்கடி இருக்கேன்னு கேட்டாங்க. நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டேன்.”

காப்பாளர் கெட்டவர் அல்லர். மற்றப் பெண்களின் உயிருக்கும் அவர்தான் பொறுப்பு. அவர், தாம் காலையில் வரவழைத்திருந்த பெண் துப்பறிவாளரின் பக்கம் திரும்பினார். “வண்டி வர்றதுக்குள்ள இவ சொல்லலைன்னு காட்டுங்க. இல்லேன்னா இவளை ஏத்திக்க என்னால முடியாது.”

துப்பறிவாளரைக் காவல் நிலையங்களில் ‘சல்லடை’ என்பார்கள். அவரிடம் போன வழக்கில் மாவு இறங்கிவிடும், கல் மட்டும் தங்கும் என்பது அந்தப் பெயரின் பொருள். அவருக்குத் துணையாக வருபவர் அவருடைய அக்காளின் கணவர். வீட்டில் சும்மா இருந்து உயிரை வாங்குகிறார் என்று அக்காள் தள்ளிவிட்ட நாள்முதல், அவர் தங்கையின் உயிரை வாங்கி வந்தார்.

“உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை?” என்று சல்லடை அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“மெத்தை விக்கிறாரு. வீடு வீடாப் போயி.”

“கம்ப்யூட்டர் தெரியுமா?”

“போன்ல படம் பாப்பாரு. அவ்வளவுதான்.”

“படுக்கச் சொல்லி ஊரைக் கூப்பிடுறவன், பொண்டாட்டியத் தூங்க விடலையே,” என்று அத்தான் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சந்தின் முனையில் ஒருவர் சாவி செய்துகொண்டிருந்தார். நேற்று வந்தவனைப் பற்றிச் சல்லடை போய்க் கேட்டதும், அவர் அரத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

“எங்கிட்டதான்மா வழி கேட்டான். ‘தோள் கிடங்கு எங்க இருக்கு’ன்னான். இங்க தோளும் இல்ல, முதுகும் இல்ல, போய்யான்னேன். மறுபடியும் போனைப் பாத்துட்டு ‘தோள் கிடங்குச் சந்து’ங்கிறான். அப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. ஓ, தோல் கிடங்கா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நேராப் போன்னு கையைக் காட்டிட்டேன். இப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சிருந்தா ஊருக்கு வெளிய அனுப்பியிருப்பேன்.”

பதப்படுத்தாத தோல்களை அடுக்கிவைக்கும் அந்தப் பழைய கிடங்கின் வாடை, சொல்லுக்குச் சான்று கூறுவதுபோல அப்போதும் வீசிக்கொண்டிருந்தது. சல்லடை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“என்ன மச்சினி, வாடை தலைக்கேறிடுச்சா?”

“அத்தான், நான் போன்ல ‘தோல் கிடங்கு’ன்னு சொன்னா நீங்க என்னன்னு கேப்பீங்க?”

“தோல் கிடங்குன்னுதான்.”

“செருப்புத் தோலை யாராவது தோள்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? காதால கேட்டவன் வாயில ‘தோல்’தான் வரும். எழுத்தைப் பாத்து வாசிச்சவனுக்குத்தான் ‘தோள்’ வரும். அவனுக்கு யாரும் சொல்லல. அவன் படிச்சிருக்கான்.”

“எங்க?”

“எழுதி வெச்சிருக்கிற ஒரே இடத்துல.”

அந்த ஒரே இடம் எது என்பதைக் காப்பாளரே பெருமையோடு சொன்னார். காப்பகத்தின் பதிவுகள் எல்லாம் ‘மேகம்’ எனப்படும் கிளவுடில் இருந்தன. காகிதம் திருடு போகும், கணினி பழுதாகும் என்பதால், எங்கோ தொலைவில் உள்ள பெரிய கணினிகளில் சேமித்துத் தரும் நிறுவனம் ஒன்றை அமர்த்தியிருந்தார்கள். “இருக்கிறதிலேயே அதிகச் சான்றிதழ் வாங்கின கம்பெனி,” என்றார்.

“வீட்டு முகவரி இருக்கிற பக்கத்தைத் திறங்க,” என்றார் சல்லடை.

திரை ஒளிர்ந்தது. *தோல் கிடங்குச் சந்து, பச்சைக் கதவு வீடு.* எழுத்து தெளிவாக, சரியாக இருந்தது.

காப்பாளர் பெருமூச்சு விட்டார். “உங்க ‘தோள்’ இங்க இல்லையே. நான் எழுதினா ஒரு எழுத்து தப்பாது.”

கையில் கிடைத்த ஒற்றைக் கயிறும் அறுந்தாற்போல் ஆயிற்று. சுவரோரம் இருந்த பெண் குழந்தையின் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சல்லடை வெளியே நடந்தார்.

கிளவுட் நிறுவனம் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. மேல்மாடியில் ‘நம்பிக்கைப் பிரிவு’ என்று எழுதிய அறைக்குள், சட்டமிட்ட சான்றிதழ்களுக்கு நடுவே ஓர் அதிகாரி சட்டமிட்ட புன்னகையோடு அமர்ந்திருந்தார்.

“எங்க தளத்துல இருந்து எதுவும் வெளிய போக வாய்ப்பே இல்லை,” என்றார் அவர்.

“எப்படித் தெரியும்?”

“சான்றிதழ் இருக்கு.”

“சான்றிதழ் எதுக்குக் கொடுத்தாங்க?”

“எதுவும் வெளிய போகாததுக்கு.”

அத்தான் மெல்லச் சொன்னார்: “மச்சினி, இவரைச் சுத்தி வந்தா கோயில் பிரகாரம் மாதிரி புறப்பட்ட இடத்துக்கே வர்றோம்.”

சல்லடை பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். “ஒரு பதிவை முதல்ல தப்பா எழுதி, அப்புறம் திருத்தியிருந்தா, தப்பான பழைய பதிவு எங்க இருக்கும்?”

“அழிஞ்சிடும்.”

“நகல் எதுவும் இருக்காதா?”

“அழிஞ்சிடும்னு எங்க விதிமுறையில இருக்கு.”

“விதிமுறையில இருக்கு, சரி. கணினியில அழிஞ்சுதான்னு யாராவது பாத்தீங்களா?”

அதிகாரி முதன்முறையாகப் புன்னகையைச் சற்றுத் தளர்த்தினார். “அதெல்லாம் சான்றிதழ் கொடுத்த தணிக்கையாளரைத்தான் கேக்கணும்.”

தணிக்கையாளரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். பிடிப்பதற்குள், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஓர் இயந்திரக் குரல் அவர்களை அலைக்கழித்தது. கிடைத்தவர் மரியாதையாகவே பேசினார்.

“நாங்க முழுசாச் சரிபார்த்தோம்மா.”

“எப்படி?”

“கேள்விகள் அனுப்பினோம். எல்லாத்துக்கும் ‘ஆம்’னு பதில் வந்தது.”

“யார்கிட்ட இருந்து?”

“அவங்ககிட்ட இருந்துதான். நம்பிக்கைப் பிரிவு அதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.”

சல்லடை தொலைபேசியை வைத்துவிட்டு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சான்றிதழ்களைப் பார்த்தார்.

ஒரு காட்டில் பறவைகள் தங்கள் முட்டைகளை ஒரு மரப்பொந்தில் வைத்தனவாம். பொந்து பத்திரமா என்று மைனா கேட்டது. மரங்கொத்தி பத்திரம் என்றதாகக் கிளி சொன்னது. ஆந்தை சொன்னதைத்தான் சொன்னேன் என்றது மரங்கொத்தி. ஆந்தையோ, “பகலில் எனக்குக் கண் தெரியாதே! அதனால் பொந்தின் வாயருகே நின்று, ‘பத்திரமா?’ என்று உரக்கக் கேட்டேன். ‘மிகவும் பத்திரம்’ என்று உள்ளிருந்து பதில் வந்தது,” என்றது. பதில் சொன்னது பாம்பு என்பதை ஆந்தை விசாரிக்கவில்லை. நம் துப்பறிவாளர் இப்போது நின்றிருந்தது அந்தப் பொந்தின் வாயருகேதான். உள்ளே இருப்பது வெற்றிடமா, பாம்பா என்பதுகூடத் தெரியவில்லை.

படியிறங்கும்போது சல்லடை கைப்பிடியை ஓங்கி அறைந்தார். “சாயங்காலம் அந்தப் பொண்ணு தெருவுல நிப்பா. இவங்களுக்கு ஒரு கண்ணாடிச் சட்டம்கூடக் கோணாது.”

“கையை உடைச்சுக்காத. அப்புறம் தோள் கிடங்குலதான் வைத்தியம் பாக்கணும்.”

“அத்தான்!”

“சரி, சரி. ஆனா ஒண்ணு. அந்த மெத்தைக்காரனுக்குப் பூட்டை உடைக்கத் தெரியாது. அவன் பொழப்பே வேற. கதவைத் தட்டுவான், சிரிப்பான், உள்ள வரலாமான்னு கேப்பான். நம்ம வீட்டுக்கு வந்தவன்கூட அப்படித்தான் உங்க அக்கா தலையில ரெண்டு மெத்தையக் கட்டிட்டுப் போனான்.”

சல்லடை படியின் நடுவில் நின்றார். கீழ்த்தளத்தில் பளிச்சென்ற ஓர் அறையின் வாசலில், ‘வாருங்கள்! எங்கள் தளத்தை இலவசமாக இயக்கிப் பாருங்கள்!’ என்ற அறிவிப்பு தொங்கியது.

“நாம இவ்வளவு நேரம் பூட்டையே பாத்துக்கிட்டு இருந்தோம்,” என்றார் மெதுவாக. “கேட்டா இவங்களே எதைத் திறந்து காட்டுவாங்கன்னு பாக்கல. வாங்க, நீங்கதான் வாடிக்கையாளர்.”

விற்பனைப் பிரிவு இளைஞர் எழுந்து நின்று வரவேற்றார். அத்தான் நாற்காலியில் சாய்ந்து, பெரிய மனிதர் தோரணையில் தொண்டையைச் செருமினார்.

“காப்பகம் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், தம்பி. மச்சினிகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிற ஆம்பளைங்களுக்காக.”

“நல்ல சேவை சார்!” என்ற இளைஞர் திரையைத் திருப்பினார். “காப்பகங்களுக்குன்னே தனியா ஒரு மாதிரித் தளம் வெச்சிருக்கோம். இதோ, ‘மாதிரி இல்லம் ஒன்று’. இதுல வர்ற ஆளுங்க, முகவரி எல்லாமே கற்பனை. நீங்களே தட்டிப் பாருங்க.”

திரையில் கற்பனைப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். எல்லாரும் ‘மாதிரித் தெரு’விலும் ‘உதாரண நகரி’லும் வாழ்ந்தார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு குறிப்பு இருந்தது. *இடக்கை மணிக்கட்டில் பழைய முறிவு. காதுக்குப் பின்னால் சூட்டுத் தழும்பு. கதவு பலமாகச் சாத்தப்பட்டால் நடுங்குகிறார்.*

சல்லடையின் முகம் மாறியது. “இதையெல்லாம் உக்காந்து கற்பனை பண்ணினது யாரு?”

“அது வந்து… மெஷின் தயாரிச்சது மேடம்.”

சல்லடை அடுத்தடுத்த பக்கங்களைத் தட்டினார். மாதிரி இல்லம் ஐந்து. பெயர், மாதிரி. ஊர், மாதிரி. குறிப்புகளுக்கு நடுவே, காயங்களோடு காயமாக ஒரு வரி கிடந்தது:

*தோள் கிடங்குச் சந்து, பச்சைக் கதவு வீடு.*

அத்தான் மூக்கைத் திரைக்கருகே கொண்டுபோய் அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“தம்பி,” என்றார் சல்லடை. குரல் தாழ்ந்திருந்தது, அதுவே அச்சமூட்டியது. “கற்பனைக் கிடங்குல வாடை வருமா? நான் காலையில அங்கதான் நின்னேன்.”

இளைஞரிடம் கேள்வி கேட்கக் கேட்க உண்மை துண்டு துண்டாக வந்தது. கற்பனையாகப் பதிவுகளை எழுத யாருக்கும் நேரமில்லை. வாடிக்கையாளர்களின் பழைய நகல் ஒன்று ‘அழிந்ததாக’ ஒரு மூலையில் கிடந்தது. அதை எடுத்து ஒரு நிரலுக்குள் விட்டார்கள். ஊர், பேர், தெரு, கட்டடம் என்று தனக்குத் தெரிந்த சொல்லை எல்லாம் அந்த நிரல் மாற்றிவிடும். காயக் குறிப்புகளை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருந்தார்கள். மாதிரி உயிரோட்டமாக இருக்க அது வேண்டுமாம்.

“‘தோல் கிடங்கு’ன்னு இருந்திருந்தா?”

“கட்டடம்னு புரிஞ்சு மாத்தியிருக்கும் மேடம். இது ‘தோள்’னு இருக்கவே… உடம்புல ஒரு பாகம், ஏதோ காயம்னு நெனச்சு முழு வரியையும் அப்படியே விட்டிருக்கு.”

“மெத்தை விக்கிறவர் ஒருத்தர் வந்தாரா?”

“மெத்தைன்னு சொல்லலையே. இந்த ஊர்க் காப்பகத்தோட ஆபீஸ்ல எங்க கம்பெனி பேரைப் பாத்துட்டு வந்ததாவும், தானும் ஒரு காப்பகம் ஆரம்பிக்கப் போறதாவும் சொன்னார். ரொம்ப நல்லாப் பேசினார். வீட்டுல வெச்சுப் பாக்கறேன்னு கேட்டார். வழக்கம்போல இலவசக் கடவுச்சொல் கொடுத்து அனுப்பினோம்.”

மேல்மாடியிலிருந்து நம்பிக்கைப் பிரிவு அதிகாரி வரவழைக்கப்பட்டார். அவர் திரையைப் படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு, மூழ்குகிறவர் கட்டையைப் பிடிப்பதுபோல ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்.

“சான்றிதழ் உண்மையான தளத்துக்குத்தான். மாதிரித் தளம் அதுல வராது. அதனால சான்றிதழ் இன்னும் செல்லும்.”

“பெட்டகத்தைப் பூட்டிட்டு, நகையைக் கடைக்கண்ணாடியில தொங்க விட்டிருக்கீங்க,” என்றார் சல்லடை. “இதை இப்பவே மூடுங்க.”

“கோரிக்கை அனுப்பணும். நாளைக்குள்ள…”

அத்தான் குனிந்து சுவரிலிருந்த மின்செருகியைப் பிடுங்கினார். திரை இருண்டது. அவர் வெற்றியோடு நிமிர்ந்தபோது, சல்லடை அதே இலவசக் கடவுச்சொல்லால் மாதிரித் தளத்தைத் திறந்து தம் கைப்பேசியைக் காட்டினார். அதில் பச்சைக் கதவு வீடு அப்படியே இருந்தது.

“அது மேகம், அத்தான். செருகியைப் பிடுங்கினா விழாது.”

“சே! மனுஷன் கோபத்தைக் காட்ட ஒரு சாமானும் இல்லாமப் பண்ணிட்டானுங்க!”

கடைசியில் அதைக் கீழே இறக்கியது சட்டமும் அன்று, சான்றிதழும் அன்று. காவல்துறை இணையக் குற்றப் பிரிவுக்குத் தொலைபேசி போட்டு, அதிகாரியின் காதில் வைத்தார் சல்லடை. மறுமுனையில் இருந்தவர், “உங்க பேர், வீட்டு முகவரி சொல்லுங்க,” என்று மட்டும் கேட்டார். சொந்த முகவரியை அயலாரிடம் சொல்ல அதிகாரி தயங்கினார். அந்தத் தயக்கம் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கோரிக்கை எதுவும் அனுப்பாமலே, அவருடைய விரல்கள் மாதிரித் தளத்தை மூடின. அந்தப் பழைய நகலில் இருந்த மற்ற காப்பகங்களுக்கு இன்றே சொல்வீர்களா என்று கேட்டதற்கு, தலைமையகம் முடிவு செய்யும் என்றார். சல்லடை அந்தப் பட்டியலைக் காவல்துறைக்கே அனுப்பச் செய்துவிட்டு வெளியேறினார். வென்ற உணர்வு சிறிதும் இல்லை.

அவர்கள் திரும்பியபோது பச்சைக் கதவின் முன் வண்டி நின்றது. பெண்கள் மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். குழந்தையோடு அவள் மட்டும் கதவருகே தனியே நின்றாள். வண்டியில் ஏறியவர்களில் ஒருத்திகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சல்லடை காப்பாளரிடம் நடந்ததைச் சொன்னார். ‘தோள்’ என்ற இடம் வந்ததும் காப்பாளர் குறுக்கிட்டார்.

“நான்தான்,” என்றார். “கணக்குத் தொடங்கின அன்னிக்கு அவசரத்துல அடிச்சேன். உடனே பாத்துத் திருத்திட்டேன். அழிஞ்சுபோச்சுன்னு காட்டுச்சு. அப்படி ஒண்ணு நடந்ததையே மறந்துட்டேன். ஒரு எழுத்துதானேம்மா…”

“தப்பு உங்க எழுத்துல இல்ல,” என்றார் சல்லடை. “எழுத்துப் பிழையை எல்லாரும்தான் பண்றோம். அழிச்சுட்டோம்னு சொன்னதை அவங்க அழிக்கல. அதை எடுத்துக் கடையில வெச்சது அவங்க.”

“ஆனா இவளைப் போகச் சொன்னது நான்தானே.”

காப்பாளர் கதவருகே போனார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழந்தையின் தாய் தலையசைத்துத் தடுத்தாள்.

“எங்கிட்டத் தனியாச் சொல்லாதீங்க பெரியக்கா. எல்லார் முன்னாடியும்தானே என்னைக் கேட்டீங்க. அங்க வந்து சொல்லுங்க.”

காப்பாளர் வண்டியின் படியில் ஏறி நின்றார். முகவரி போனது தம் கைப்பிழையாலும், தாம் நம்பிய நிறுவனத்தின் பொய்யாலும்தான் என்றும், இந்தப் பெண் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை என்றும் உரக்கச் சொன்னார். வண்டிக்குள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். இன்னொருத்தி குழந்தைக்குக் கை நீட்டினாள். அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. ஆனால் ஏறி உட்கார்ந்தாள்.

காப்பாளர் கீழே இறங்கினார். புதிய வீட்டின் முகவரி அவர் நினைவில் மட்டும் இருந்தது. அவர் சல்லடையை ஆற்றாமையோடு பார்த்தார்.

“எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா இன்னொருத்தருக்குத் தெரியணுமே. இதை இனிமே எந்த இடத்துல வெக்கிறது? எந்தச் சான்றிதழை நம்புறது?”

சல்லடை தம் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். அத்தான் கடைசி மூட்டையைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார்.

“எங்கிட்டச் சொல்லுங்க,” என்றது வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல். குழந்தையின் தாய் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இன்னும் தணியவில்லை. “இந்த ஊர்லேயே ஒழுங்காச் சோதிச்சுப் பாத்த இடம் நான் ஒருத்திதான்.”